முன்வண்டியும் பின்வண்டியும் பேசிக்கொள்ள

ஜூன் மாதத்தின் முதல் மழை இறங்கியதும் மும்பைவாசிகளுக்கு மலை நினைவு வந்துவிடுகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு வார இறுதி என்பது கோயில், ஷண்முகானந்தா அரங்கில் ஒரு கச்சேரி, கிங்ஸ் சர்க்கிளில் ஒரு காப்பி என்ற அளவோடு முடிந்தது. இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் தார், ஜிம்னி, கூர்கா என்று நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகளை வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து சஹ்யாத்ரி மலைகளை நோக்கி விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுகின்றனர். தாராவியில் தொழில் நடத்துவோரிடமும் இத்தகைய வண்டிகளைக் காண முடிகிறது.

செம்பூரிலிருந்து கிழக்கு விரைவு நெடுஞ்சாலையில் ஏறி, தாணே, கல்யாண், முர்பாட் வழியாக மால்ஷேஜ் கணவாயை அடையும் சாலை அவர்களுக்கு நன்கு பழக்கமானது. முர்பாடைத் தாண்டி மலை நெருங்க நெருங்க, கைப்பேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். மூடுபனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கும் மறைந்துபோகும். பின்னால் வரும் வண்டியின் சக்கரம் பஞ்சராகி நின்றால், முன்னால் செல்பவர்களுக்கு அது தெரியப் பல கிலோமீட்டர் ஆகலாம். முன்னால் சாலையில் பாறை உருண்டு கிடந்தால், பின்னால் வருபவருக்கு வளைவு திரும்பிய பிறகே தெரியும். 2014 ஜூலையில் மாலின் கிராமத்தையும், 2021 ஜூலையில் தளியே கிராமத்தையும், 2023 ஜூலையில் இர்ஷால்வாடியையும் மண்சரிவு விழுங்கியது இதே மலைத்தொடரில்தான். மழைக்கால மலைப்பயணம் விளையாட்டன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனவே, வண்டியில் ஓர் இருவழி வானொலியைப் பொருத்திக்கொள்ளலாமா என்னும் கேள்வி எழுகிறது. எழ வேண்டிய கேள்வியும்தான். ஆனால் இணையத்தில் ஒரு கருவியைப் பார்த்தவுடன் வாங்கிவிடுவது இந்த விஷயத்தில் ஆபத்தானது. சாலையைவிடச் சட்டம்தான் இங்கே முதலில் குறுக்கே நிற்கிறது.

சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவுகள்

நம் நாட்டில் வானொலி அலைகளை ஒலிபரப்பும் கருவியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, வைத்திருப்பதற்கே அரசின் அனுமதியோ சட்டப்படியான விலக்கோ வேண்டும். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் விதித்த இந்தக் கட்டுப்பாட்டை, அவற்றின் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் தொடர்கிறது. நிர்வாகம், தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவின் கையில் இருக்கிறது. டபிள்யூ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இதுவே.

சொந்த வண்டியில் பயணம் செய்யும் ஒருவருக்குச் சட்டம் மூன்று கதவுகளைத் திறந்துவைத்திருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு அலைவரிசையில், அரை வாட் ஆற்றலுக்குள் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. சிட்டிசன் பேண்டு எனப்படும் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் 5 வாட் வரை உரிமமின்றி அனுமதி உண்டு. மூன்றாவது, தேர்வெழுதி உரிமம் பெற்று நுழையும் அமெச்சூர் வானொலி. அதை உலகமே ஹாம் என்று அழைக்கிறது. நிறுவனங்களும் பாதுகாப்புப் பணியாளர்களும் பயன்படுத்தும் வாக்கி டாக்கிகளுக்குத் தனி அலைவரிசை ஒதுக்கீடும் கட்டணமும் உண்டு. அது குடும்பச் சுற்றுலாவுக்கு ஆகிற காரியமன்று.

நடைமுறையில் நம்மவர்கள் தடுக்கி விழுவது எங்கே என்று பார்த்தால், அது வெளிநாட்டுச் சொந்தங்களிடம்தான். சிட்னியிலோ மெல்பர்னிலோ இருக்கும் தம்பி, அங்கே காட்டுப்பாதை ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் வண்டியில் வைத்திருக்கும் வானொலியைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கும் ஒன்று வாங்கி வருவார். ஆஸ்திரேலியாவில் அது முற்றிலும் சட்டப்படியானது. அங்கே 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் 80 சேனல்கள் பொதுமக்களுக்கென்றே திறந்துவிடப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் குடும்ப வானொலிச் சேவை இயங்குகிறது. இந்த இரண்டும் இந்தியாவின் விலக்குப் பட்டியலில் இல்லை. விமான நிலையச் சுங்கத்தில் தப்பினாலும், இங்கே அதன் பொத்தானை அழுத்தும்போது, வேறு ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையில் புகுந்தவர்களாகவே ஆவோம். ஐரோப்பாவில் விற்கப்படும் 446 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் மட்டும் அலைவரிசையில் நமக்குப் பொருந்துகின்றன. ஆயினும் அவற்றுக்கும் இந்தியாவின் கருவி வகை ஒப்புதல் வேண்டும்.

இரண்டாவது பொறி, இணைய அங்காடிகள். ஐந்து வாட் ஆற்றல், எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி, நம்பமுடியாத மலிவு விலை என்ற கவர்ச்சியோடு குவிந்துகிடந்த கையடக்கக் கருவிகளைப் பற்றி, 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பியது. அதே மாத இறுதியில் வாக்கி டாக்கி விற்பனைக்கென்றே தனி வழிகாட்டு நெறிகளும் வெளியாயின. அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா வேண்டாமா, கருவிக்கு ஒப்புதல் உண்டா என்பவற்றை விற்பவர் சொல்ல வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்த மூன்று கேள்விகளையே வாங்குபவரும் கேட்கலாம். விடை வராத கடையில் வாங்காதிருப்பது நன்று. அத்தகைய கருவி ஒரு ஹாம் உரிமதாரரின் கையில் முறையானதாக இருக்கலாம். உரிமம் இல்லாதவர் கையில் அதே கருவி குற்றப்பொருள்.

செயற்கைக்கோள் தொலைபேசியையும் சிலர் நினைப்பதுண்டு. அரசின் அனுமதியின்றி அதை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் கைதான செய்திகள் அடிக்கடி வருவதால், அதைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் குடும்பத்துக்கு எது?

கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: யாரோடு பேசப்போகிறோம்? உடன் வரும் வண்டியோடு மட்டுமா, அல்லது மலைக்கு அப்பாலிருக்கும் முன்பின் தெரியாத ஒருவரோடுமா?

உடன் வரும் வண்டி மட்டுமே என்றால், 446 மெகாஹெர்ட்ஸ் கையடக்கக் கருவியே போதும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதன் அரை வாட் ஆற்றலைக் கண்டு நகைக்க வேண்டாம். வானொலியில் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாவதில்லை. கேட்பவருக்குச் சற்றுத் தெளிவு கூடும், அவ்வளவே. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே மலைமுகடு நின்றால் அரை வாட்டும் நிற்கும், ஐம்பது வாட்டும் பெரும்பாலும் நிற்கும். கொங்கணத்துச் சமவெளியில், இரண்டு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரு வண்டிகளுக்கிடையே கோட்பாட்டளவில் 11 அல்லது 12 கிலோமீட்டர் பார்வைக்கோடு கிடைக்கும். கணவாயின் வளைவுகளில் அது ஒன்றிரண்டு கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ஆனால் ஒன்றாகச் செல்லும் வண்டிகள் அந்த ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தானே இருக்க வேண்டும்? குரல் மங்கத் தொடங்கினால் இடைவெளி மிகுந்துவிட்டது என்று பொருள். அந்த வகையில் குறைந்த ஆற்றலே ஓர் எச்சரிக்கையாகவும் அமைகிறது.

இவ்வகைக் கருவியில் ஆன்டெனாவைக் கழற்ற முடியாது. கழற்றி, வண்டியின் கூரையில் பெரிய ஆன்டெனா பொருத்த முயன்றால் ஆற்றல் வரம்பு மீறப்படும், விலக்கும் போய்விடும். ஆகவே இங்கே ‘பொருத்துதல்’ என்பது எளிய வேலை: சார்ஜர் இணைப்பு ஒன்று, கருவி நழுவாமல் நிற்க ஒரு தாங்கி. கருவியைக் கியர் அருகே கிடத்தாமல், கண்ணாடிச் சன்னலின் உயரத்துக்கு வைக்க வேண்டும். வண்டியின் உலோக உடல் அலைகளை மறைக்கிறது, கண்ணாடி விடுகிறது. தாங்கியும் உறையும் வேண்டுமென்றால் தாராவியைவிட நல்ல இடம் ஏது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் நிலைநாட்டிய தோல் தொழில் அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. கருவியின் அளவைக் கொடுத்தால், கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் உறையைவிடப் பல மடங்கு உழைக்கும் தோலுறையைத் தைத்துக் கொடுக்கும் கைகள் அங்கே உண்டு. தகடு வளைத்துத் தாங்கி செய்துதரும் பட்டறைகளும் உண்டு.

சிட்டிசன் பேண்டு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 27 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 11 மீட்டர். அதன் கால்பகுதியான ஆன்டெனாவே 2.75 மீட்டர் நீளம் வேண்டும் என்பதால், சுருள் சுற்றிக் குட்டையாக்கிய ஆன்டெனாக்களையே வண்டிகளில் பயன்படுத்துகின்றனர். குட்டையாக்கக் குட்டையாக்கத் திறனும் குறைகிறது. அமெரிக்க லாரி ஓட்டுநர்களால் புகழ்பெற்ற இச்சேவை, நம் நாட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாத வெற்றுத் திண்ணையாகவே இருக்கிறது.

இனி ஹாம். உண்மையான ‘பொருத்துதல்’ இங்கேதான் தொடங்குகிறது. அதன் எல்லையையும் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. உரிமம் மனிதருக்கு உரியது, வண்டிக்கு அன்று. ஐந்து வண்டிகளில் ஒருவர் மட்டும் உரிமம் பெற்றிருந்தால் அவர் மற்ற நால்வரோடு அதில் பேச முடியாது. வணிகச் செய்தியும் அதில் கூடாது. சரக்கு எப்போது வரும் என்று கேட்பதற்கு ஹாம் அலைவரிசை இல்லை.

அப்படியானால் அதனால் என்ன பயன்? தனிமையான இடத்தில் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பார் என்பதே பயன். 446 கருவியில் நாம் எழுப்பும் அபயக்குரலை நம் கூட்டத்தைத் தவிர வேறு யாரும் கேட்கப்போவதில்லை. ஹாம் அலைவரிசையிலோ, மலையுச்சியில் நிறுவப்பட்ட மறு ஒலிபரப்பி ஒன்றை எட்டிவிட்டால் போதும், அது நம் குரலை வாங்கி உயரத்திலிருந்து மீண்டும் ஒலிபரப்பும். முகடுகளுக்கு அப்பாலும் நகரத்திலும் இருக்கும் ஆர்வலர்கள் கேட்பார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் ஹாம் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு, சிறப்பு அனுமதியோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. உலகெங்குமுள்ள ஆர்வலர்களோடு தொடர்புகொள்வதே அதன் நோக்கம். டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. தீவுகளின் தொலைபேசிகள் செயலிழந்த அந்த நாள்களில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற அதே கருவிகள் வழியாகவே தவித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்குச் செய்திகள் போய்ச் சேர்ந்தன. குஜராத் நிலநடுக்கத்தின்போதும் ஹாம் ஆர்வலர்கள் இவ்வாறே உதவினர். மும்பைவாசிகளுக்கு இதைப் புரிந்துகொள்ளத் தொலைவு போக வேண்டாம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மிட்டி ஆறு தாராவியையும் குர்லாவையும் மூழ்கடித்தபோது, கைப்பேசி கையிலிருந்தும் வீட்டுக்குச் செய்தி சொல்ல முடியாமல் இடுப்பளவு நீரில் நடந்தவர்கள் நம் வாசகர்களில் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஹாம் உரிமத்துக்கான தேர்வைத் தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. தொடக்க நிலை, பொது நிலை என இரண்டு வகுப்புகள். 12 வயது நிறைந்தவர்கள் எழுதலாம். மின்னியல் அடிப்படையும் வானொலி விதிகளுமே பாடம். பள்ளி அறிவியல் மறந்துபோகாதவருக்கு இது மலையன்று. மும்பை அமெச்சூர் ரேடியோ சொசைட்டி போன்ற அமைப்புகளின் மூத்த உறுப்பினர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டுகின்றனர். தந்தையும் மகளும் சேர்ந்து படித்து எழுதுவதற்கு ஏற்ற தேர்வு இது.

பொருத்தும் முறை

ஜீப்புக்கும் வானொலிக்கும் உறவு பழையது. இரண்டாம் உலகப் போரில் படை வானொலிகளைச் சுமந்து திரிந்தவை அந்த 6 வோல்ட் ஜீப்புகளே. 1947இல் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் கோர்த்து விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழித்தோன்றல்தான் இன்றைய தார். போர்க்காலத்து ஜீப்பில், எஞ்சினின் தீப்பொறி வானொலியில் இரைச்சல் எழுப்பாதபடி வடிகட்டிகள் பொருத்தப்பட்ட வண்டிக்கு, முன்மூடியிலுள்ள எண்ணின் இறுதியில் ‘எஸ்’ என்ற எழுத்தை எழுதிவைப்பார்கள். எண்பது ஆண்டுகளாகியும் அந்தத் தீப்பொறித் தொல்லை முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

வண்டியில் பொருத்தும் ஹாம் வானொலி, முழு ஆற்றலில் ஏறக்குறைய 50 வாட் ஒலிபரப்பும். உரிமத்தில் குறித்த வரம்புக்கு அதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முழு ஆற்றலில் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிடலாம் என்பது பலருடைய முதல் எண்ணம். அந்தத் துளையும் அதன் ஒல்லியான கம்பியும் தொடர்ந்து அவ்வளவைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல. பேசும்போது வோல்ட் இறங்கி வானொலி அணைந்து அணைந்து எரியும், செருகி சூடேறும்.

நேரே பேட்டரியிலிருந்து கம்பி இழுப்பதே முறை. கம்பியின் பருமனில் கஞ்சத்தனம் காட்டலாகாது. பேட்டரியிலிருந்து கருவிக்கு 5 மீட்டர் என்று கொள்வோம். போய்வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 10 ஆம்பியர் சென்றால் ஏறத்தாழ 0.7 வோல்ட் வழியிலேயே வீணாகும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.3 வோல்ட்டுக்குக் குறையும். நேர்முனைக் கம்பியில், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவியின் அருகே மட்டும் ஃபியூஸ் வைத்தால், நடுவழியில் கம்பி உரசி உடலைத் தொடும்போது பேட்டரியின் முழு ஆற்றலும் அந்தக் கம்பி வழியே பாய்ந்து தீ எழும். கரடுமுரடான பாதையில் குலுங்கும் வண்டியில் கம்பி உரசுவது அரிதன்று. எஞ்சின் அறையின் இரும்புச் சுவரைக் கடக்குமிடத்தில் கட்டாயம் ரப்பர் வளையம் வேண்டும். இன்றைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உணரி ஒன்று அமர்ந்திருக்கும். அத்தகைய வண்டியில் எதிர்முனைக் கம்பியை அந்த முனையில் கட்டாமல், பேட்டரியின் எர்த் பட்டை உடலைத் தொடும் போல்ட்டில் கட்டினால் உணரியின் கணக்குப் பிறழாது. வண்டியின் சொந்த வயர்களை வெட்டி ஒட்டக்கூடாது. வாரண்டி பற்றிய வழக்குகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

கருவியை எங்கே வைப்பது? முகப்புப் பலகையைத் தனியே கழற்றி மேலே பொருத்திவிட்டு, கனத்த உடல்பகுதியை இருக்கைக்கு அடியில் மறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. நகரக் காருக்கு அது அழகான ஏற்பாடு. ஆனால் ஓடையில் இறங்கும் வண்டிக்கு? தார் 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்கிறது அதன் விவரக்குறிப்பு. இருக்கைக்கடியிலுள்ள தரை அதைவிடத் தாழ்ந்தது. கதவு இடுக்கு வழியே ஒருமுறை நீர் புகுந்தால் வானொலி போயிற்று. ஆகவே உடல்பகுதியை இருக்கையின் பின்புறத்திலோ பின்பக்கச் சுவரிலோ உயர்த்திப் பொருத்துவதே நம் மழைக்கு ஏற்றது. அதைவிட முக்கியமானது, கண்ணாடியை ஒட்டிய தூண்களுக்குள்ளும் முகப்புப் பலகையிலும் காற்றுப்பைகள் மடிந்து கிடக்கின்றன என்பது. அவை விரியும் வழியில் கருவியோ கம்பியோ ஒலிவாங்கியோ இருக்கலாகாது. விபத்தில் காற்றுப்பை விரியும் வேகத்துக்கு முன்னால் அது எறிகல்லாக மாறிவிடும். பொருத்துபவருக்கு இது தெரியாவிட்டால், அந்த வண்டிக்குரிய பணிமனையில் காற்றுப்பைகளின் இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகே துளையிட வேண்டும்.

செலவில் எங்கே தாராளம் காட்டுவது என்று கேட்டால், ஆன்டெனாவில் என்பதே விடை. சுமாரான வானொலியும் நல்ல ஆன்டெனாவும், விலையுயர்ந்த வானொலியையும் மட்டமான ஆன்டெனாவையும் எளிதில் வென்றுவிடும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஹாம் அலைவரிசைக்குக் கால் அலைநீள ஆன்டெனா ஏறத்தாழ அரை மீட்டர்தான். உலோகக் கூரையின் நடுவே நிறுத்தினால் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். கூரைத் தகடே ஆன்டெனாவின் மறுபாதியாக வேலை செய்கிறது. இங்கேதான் நம் வண்டிகளில் சிக்கல். துணிக்கூரையிலோ நாரிழைக் கூரையிலோ காந்த அடித்தளம் ஒட்டாது, ஒட்டவைத்தாலும் கீழே தகடு இல்லாததால் ஆன்டெனா பாதியாகிவிடுகிறது. அத்தகைய வண்டிக்கு எஞ்சின் மூடியின் விளிம்பில் தாங்கி வைத்துப் பொருத்தலாம், அல்லது தகடு தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவை வாங்கிப் பின்புற உதிரிச் சக்கரத்தின் தாங்கியில் நிறுத்தலாம். காட்டுப்பாதையில் தாழ்ந்த கிளைகள் உண்டு. அடியில் சுருள்வில் இருந்தால் வளைந்து மீளும். மும்பையின் கட்டட வாகன நிறுத்தங்களுக்கோ மடக்கும் கீல் வேண்டும்.

கேபிளும் திருடும். சாதாரண ஆர்ஜி58 கேபிளில் 5 மீட்டர் ஓடினால் இந்த அலைவரிசையில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாகிவிடும். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைக்காமல் அளவுக்கு வெட்டிப் பொருத்துவது நல்லது. கேபிள், இணைப்பான்கள், ஃபியூஸ் தாங்கிகள் எல்லாவற்றுக்கும் கிராண்ட் ரோடு அருகேயுள்ள லாமிங்டன் சாலை இன்றும் மும்பையின் மின்னணுச் சந்தை. கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துப்போவது நமக்குத் தெரியும். ஆன்டெனாவின் அடிப்பகுதி இணைப்பை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும்.

பொருத்திய உடனே பேசிப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மானியை இடையில் இணைத்து அளக்க வேண்டும். அனுப்பிய ஆற்றலில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்பதை அது சொல்லும். 1.5 என்று காட்டினால் 4 விழுக்காடு திரும்புகிறது, கவலையில்லை. 2 என்றால் 11 விழுக்காடு, பொறுத்துக்கொள்ளலாம். 3 என்றால் கால்பங்கு திரும்பி வந்து கருவியின் இறுதி டிரான்சிஸ்டரைச் சுடும். பெரும்பாலும் காரணம் எளியது: அடித்தாங்கிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே வண்ணப்பூச்சு நின்று மின்தொடர்பைத் தடுத்திருக்கும். பூச்சைச் சுரண்டி, துருப்பிடிக்காதபடி மசகு தடவி இறுக்கினால் முள் இறங்கிவிடும்.

அடுத்து அந்தப் பழைய ‘எஸ்’ விவகாரம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கையொலி கேட்டால், ஒலிபரப்பாமல் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒலி தொடர்ந்தால் அது மின்கம்பி வழியே ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. இணைப்புகளை இறுக்கி, கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டலாம். ஒலி நின்றுவிட்டால் அது காற்று வழியே ஆன்டெனாவில் நுழைவது. மலிவான கைப்பேசி சார்ஜர்களும், பின்னால் வாங்கிப் பொருத்திய எல்இடி விளக்குகளுமே பெரும்பாலும் குற்றவாளிகள். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் பிடிபடும்.

காப்பீடும் கடனும்

வண்டிக் கடன் நிலுவையில் இருக்கும் வாடிக்கையாளர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட வண்டியின் மதிப்பு, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலான மதிப்பு. நாம் பின்னர் பொருத்தும் வானொலி அதில் அடங்காது. மின்சாதனத் துணைக்கருவி என்று அதைத் தனியே அறிவித்து, அதன் மதிப்பில் பொதுவாக 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் செலுத்தினால் அதற்கும் பாதுகாப்பு உண்டு. 20,000 ரூபாய்க் கருவிக்கு அது ஆண்டுக்கு 800 ரூபாயும் வரியும். அறிவிக்காமல் விடுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வண்டியில் மின்கசிவால் தீப்பிடித்தால், மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது பின்னர் சேர்க்கப்பட்ட கம்பிகளைத்தான். பொருத்தியவரின் பட்டியலையும், ஃபியூஸும் கம்பிப் பாதையும் தெரியும் புகைப்படங்களையும் கோப்பில் வைத்துக்கொள்வது அந்த நேரத்தில் கைகொடுக்கும். உரிமம் இல்லாத கருவிக்கோ, அறிவிக்கவும் வழியில்லை, இழப்பீடு கேட்கவும் வழியில்லை.

ஒலிவாங்கி யார் கையில்?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடித்த தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்க்கிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே ஒலிவாங்கி இருக்க வேண்டிய இடம் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. அண்ணியோ மூத்த பிள்ளையோ அதைக் கையில் எடுத்துக்கொண்டால், ஓட்டுபவரின் இரு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கும். பயணத்தில் ஆர்வமிழந்து கைப்பேசியில் மூழ்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தவர்கள், அதன் பிறகு அவர்களிடமிருந்து அதைத் திரும்ப வாங்க முடியவில்லை என்கின்றனர்.

பேசுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்த பிறகே பேச வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் வெட்டுப்படும். ‘வராதே’ என்பதில் முதல் எழுத்துகள் விழுங்கப்பட்டால் எதிர்முனையில் என்ன கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். எச்சரிக்கைகளை எப்போதும் இருமுறை சொல்வதும், எதிர்மறைச் சொற்களைத் தவிர்த்து ‘நில்’, ‘மெதுவாக’, ‘இடப்பக்கம் ஒதுங்கு’ என்று நேர்ச்சொற்களால் சொல்வதும் நலம். முன்வண்டி, நடுவண்டி, பின்வண்டி என்று பெயரிட்டுக்கொண்டால் மாமா, சித்தப்பா குழப்பம் எழாது. அரை மணிக்கு ஒருமுறை பின்வண்டி ‘வருகிறோம்’ என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். இரண்டு முறை அந்தச் சொல் வராவிட்டால், முன்வண்டி பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி நின்று காத்திருக்கும் என்று புறப்படும்போதே பேசிவைத்துக்கொள்ளலாம். மால்ஷேஜ் கணவாயில் அவ்வாறு ஒதுங்குவதற்குரிய அகன்ற இடங்கள் சிலவே உண்டு. அவற்றைப் பகல் வெளிச்சத்தில் போகும்போதே குறித்துக்கொண்டால், மாலையில் பனி இறங்கித் திரும்பும்போது தேடவேண்டியிராது.